கட்டுப்பாட்டுக் குழு, இலக்கம் பதினேழு

படிவத்தில் அப்படித்தான் இருந்தது.
யாரோ அகராதியைத் திறந்து வைத்துத்
தமிழாக்கியிருக்கிறார்கள்.
என்னை யார் கட்டுப்படுத்தினது என்று கேட்டேன்.
இமேஷா மிஸ்ஸுக்குத் தமிழ் கொஞ்சம், சிரிப்பு நிறைய:
"உங்களுக்கு ஒண்ணும் இல்லை. அதுக்குத்தான்."

ஒன்றும் இல்லாததைப் பார்க்க
இத்தனை வயர்களா.

முப்பத்தாறாம் கிழமை.
வெளியே பொரளை மழை,
உள்ளே நெஞ்சில் பசை தடவிய மூன்று வட்டங்கள்.
மல்லாந்து படுத்தேன்.
திரையில் என் இதயம்
பழைய டீவி மாதிரிக் கறுப்பு வெள்ளையில்
கதவைத் திறந்து திறந்து சாத்தியது.
கொஞ்ச நேரத்தில் காது அடைத்தது,
கூரையின் டியூப் லைட் தூரமாய்ப் போனது.
"வமட்ட ஹெரென்ன. இடப்பக்கம், இடப்பக்கம்!"
திரும்பினேன்.
ஹோஸ் பைப்பை மிதித்துக்கொண்டு நின்றவர்
காலை எடுத்தது போல
பிள்ளை தன் பாரத்தை எதிலிருந்தோ எடுத்தது.
எண்கள் ஏறின.
நிமிஷத்துக்கு ஆறு லீற்றர் சொச்சம்.
எங்கள் மூன்றாம் மாடிக்கு
விடிய ஐந்து மணிக்குக்கூட
இப்படித் தண்ணீர் ஏறியதில்லை.

பிறகு கழுத்தில் ஒரு பேனா,
தொடை மடிப்பில் ஒரு பேனா.
ஒரு துடிப்பு இங்கே புறப்பட்டு
அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று.
தூரம் வேண்டுமே, நாடாவை எடுத்தார்.
மெயின் வீதிப் புடவைக்கடையில் எனக்குப் பதினொரு வருஷம்.
"மிஸ், வயிற்றுக்கு மேலால் இழுத்தால்
மேட்டையும் சேர்த்தெல்லோ காட்டும்.
ரத்தம் மேடேறியா போகுது?"
அவர் நாடாவைப் போட்டுவிட்டு
அலுமாரியிலிருந்து அதை எடுத்தார்:
பள்ளிக்கூடக் கவராயத்துக்கு அண்ணன், மரத்தில்.
தோளருகே ஒரு முனை, இடுப்புக்குக் கீழே ஒரு முனை,
வயிறு நடுவில் சும்மா கிடந்தது.
இரண்டு பேரும் சிரித்ததில் அலை கெட்டு
மறுபடி முதலிலிருந்து.

"மெதுவாப் போகுது. நல்லது," என்றார்.
குழாய்கள் இளகியிருக்கின்றனவாம்.
மெதுவாகப் போவது நல்லதென்று
இந்த ஊரில் என்னிடம் சொன்ன
முதல் ஆள்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ரிஸ்மியா,
மாளிகாவத்தை, முப்பத்தொரு கிழமை.
விரல் வீங்கி, கழற்றிய மோதிரத்தைச்
சேப்டி பின்னில் கோர்த்துத்
தாவணி உள்ளே குத்தியிருந்தாள்.
பிரஷர் இறங்க மாட்டேனென்கிறது.
அவளுக்கும் ஓர் இலக்கம், வேறு குழு.
என் கோட்டின்மேல் அவள் கோட்டை வைத்து
எவ்வளவு விலகியிருக்கிறதென்று பார்ப்பார்கள்.

எங்கள் கடையில்
பித்தளைப் பூண் போட்ட கஜக்கோல் ஒன்று உண்டு.
பட்டோ சீத்தையோ
தன் நீளத்தை அதனிடம்தான் கேட்கும்.
அதற்கு ஒரு நாளும் மேல் வலித்திருக்காது
என்று நினைத்திருந்தேன்.

பஸ் காசு போட்ட உறையை வாங்கிச்
செருப்பைத் தேடும்போது
ரிஸ்மியா சீலையை விலக்கினாள்.
"ஒங்களுக்கு எல்லாம் சரியாமா?"
"ஓம்" என்று சொல்ல வெட்கமாக இருந்தது.
தலையை மட்டும் ஆட்டினேன்.
"அப்ப நல்லா அளந்து குடுத்தீங்கதானே,"
என்றாள், "குறைச்சுப் போடாம."

மருதானைப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
யாரோ எழும்பி இடம் தந்தார்கள், ஜன்னலோரம்.
நனைந்த கண்ணாடி, ஹோர்ன் சத்தம்,
உள்ளே ஒரு முழங்கையோ குதிக்காலோ.
கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டிருந்தேன்,
புறப்பட்டது
போய்ச் சேருகிறதா என்று.