காலுறையில் வந்தது

லுவார் ஆற்றுப் பக்கம் ஒன்பது கோட்டை பார்த்தோம்.
பெயர்கள் கலந்துவிட்டன.
ஒன்றில் மாடிப்படி இரட்டைச் சடை:
நான் ஏற, தேவநேசன் இறங்க,
அரைமணி நேரம் சந்திக்கவேயில்லை.

தோட்டங்களில் செடிகளைப்
பிரேயருக்கு நிறுத்தியதுபோல் நிறுத்தியிருந்தார்கள்.
ஓர் இலைகூடப் பேசவில்லை.

பிடித்தது, ஊருக்கு வெளியே
அந்த ஒற்றையடிப் பாதைதான்.
முள்வேலி, பசுக்கள், மழைச்சேறு.
மஞ்சள் அம்புக்குறியைத் தவறவிட்டு
யாருடைய கோதுமைக்குள்ளோ போய் நின்றோம்.
நாய் குரைத்தது.
அந்த ஊரில் எனக்கு முழுசாகப் புரிந்த பேச்சு.

பெரம்பூர் வந்து துணி பிரிக்கையில்
காலுறை முழுக்க ஒட்டுவிதை.
ஏர்போர்ட்டில் யாரும் கேட்கவில்லை.
பால்கனித் தொட்டியில் ஊன்றி,
லாரித் தண்ணீரில் ஒரு சொம்பு
தினமும் ஒதுக்கினேன்.

பன்னிரண்டாம் நாள் முளைத்தது.
"பிரெஞ்சுக்காரி" என்று பேர் வைத்தார் தேவநேசன்.
அக்கம்பக்கம் வந்து பார்த்தார்கள்.

கீரைக்கார அஞ்சலை
ஓர் இலையைக் கசக்கி மோந்து,
"குப்பைமேனிம்மா இது.
வேரைக் கிளறாதே, பூனை வந்துடும்" என்றாள்.

பூனையும் வந்தது.

காலையில் தண்ணீர் ஊற்றும்போது
இன்னமும் போன்ழூர்தான் சொல்கிறேன்,
யாரும் பார்க்காதபோது.