வாளியின் விளிம்பு

டாஃபினுக்கு வடக்கே, தார்ச்சாலை முடிந்து
சரளை தொடங்கும் இடம்.
அக்டோபரிலேயே பனி வந்துவிட்டது.
இலையுதிர்க்க நேரமில்லாத பாப்லர் மரங்கள்
பாரம் தாங்காமல் கம்பிகள்மேல் சாய்ந்து கிடந்தன.
நாற்பது பண்ணை வீடுகளில் விளக்கில்லை.

பதின்மூன்று மீட்டர் உயரத்தில்
வாளிக்குள் நான்.
கீழே லோர்ன் ப்ரூடன்
காலையிலிருந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான்:
அவன் பிடித்த மீன், மீன் இழுத்துப்போன படகு,
படகைத் தேடி வந்த போலீஸ்காரர்,
அவரையும் மீன்
என்று சொல்லும்போது
வாக்கிடாக்கி நின்றது.

எட்டிப் பார்த்தேன்.
லாரியின் தாங்குகால் அருகே
மஞ்சள் சட்டை, மல்லாந்து.
ஒரு கையுறை மட்டும் கொஞ்சம் தள்ளி.

நெம்பியை இழுத்தேன்.
தூக்குக்கரம் இரண்டடி இறங்கியது, இருமியது.
குளிரில் எங்கோ குழாய் வெடித்து
பனியில் எண்ணெய் கோடு போட்டது.
குழாய் வெடித்தால் கரம் விழாமல் பூட்டிக்கொள்ளும்.
பாதுகாப்பு.
அந்தப் பாதுகாப்புக்குள் என்னையும் வைத்துப் பூட்டிக்கொண்டது.
கீழிருந்து இறக்கவும் ஒரு நெம்பி உண்டு.
லோர்னின் தலைக்கு மேலே, ஒரு முழத்தில்.

"டார்சி, ஆம்புலன்ஸுக்கு நாற்பது நிமிஷமாகும்," என்றது நிலையம்.
"நீ அங்கேயே இரு."

வாளியின் உட்பக்கம் ஒரு ஆரஞ்சுப் பை.
நான்கு வருடமாக என் முழங்காலை இடித்த பை.
அதன்மேல் சாண்ட்விச் வைத்துத் தின்றிருக்கிறேன்.
ஃப்ளாஸ்க் மூடி பதிந்த காபி வட்டங்கள்.
தன்னைத்தானே மீட்கும் கருவி என்று அச்சடித்திருக்கும்.
அந்தத் 'தன்'னில் லோர்ன் உண்டா என்று
எங்கும் எழுதவில்லை.

பையோடு ஒரு சோதனை அட்டை.
மூன்று வருடம் என் கையெழுத்து,
மூன்று முறையும் ஜிப்பைத் திறக்காமல் போட்டது.
இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாலாவது கையெழுத்து அவனுடையது.
திறந்தேன்.
நுனி மேலே வரும்படி, மடிப்பு மடிப்பாக,
முறுக்கு ஒன்றுகூட இல்லாமல்
கயிறு.
அவன் வாழ்நாளில் தொட்ட கயிறுகளில்
இது ஒன்றில்தான் பொய்யில்லை.

கொக்கி கரத்தின் வளையத்தில். இழுத்துப் பார்.
கருவி மார்பு வளையத்தில். தொய்வை எடு.
பயிற்சிக் கூடத்தில் இதையெல்லாம் செய்திருக்கிறேன்.
அங்கே உயரம் ஒரு மேசை.

வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்:
கால் இரண்டும் வாளியின் தரையில்.
விளிம்பில் ஏறாதே. உட்காராதே. சாயாதே.
பதினொரு வருடம் சொன்னபடி கேட்ட கால்
இப்போது சொன்னபடி கேட்கவில்லை.
கையால் தூக்கி, பிறத்தியார் காலைப் போல,
வெளியே போட்டேன்.
இன்னொன்றையும்.
பிறகு பழைய வாரைக் கழற்றினேன்.
அந்தக் 'கிளிக்'.

கைப்பிடியை அமுக்கினால் இறங்கும், விட்டால் நிற்கும்.
பயந்தவரை நினைத்துச் செய்திருக்கிறார்கள்.
மூன்று முறை விட்டேன்.
மூன்று முறையும் காற்றில் நின்றேன்,
மெல்லச் சுற்றிக்கொண்டு:
வெட்டிய கோதுமை வயல், லாரி, வயல், லோர்ன்.
கிணற்றில் வாளி இறங்கும், ஆள் மேலே நிற்பார்.
இங்கே வாளி வானத்தில் நின்றது.

பூட்ஸ் பனியைத் தொட்டதும் கொக்கியை விட்டு ஓடினேன்.
சட்டையைக் கிழித்தேன்.
முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு.
எத்தனை முப்பது என்று கேட்காதீர்கள்.

அவன் இப்போது அந்தக் கதையைச் சொல்கிறான்.
உயரம் முப்பது மீட்டர் ஆகிவிட்டது.
நான் ஒற்றைக் கையால் இறங்கினேனாம்,
மறு கையில் சாண்ட்விச்சாம்.
அன்று அவன் கண்ணே திறக்கவில்லை.
நான் திருத்துவதில்லை.

மார்ச்சில் புதுப் பையின் அட்டை என் முறைக்கு வந்தது.
கிடங்கின் தரையில் உட்கார்ந்து
ஜிப்பைத் திறந்தேன்.
பதினாறு மீட்டரையும் வெளியே எடுத்தேன்,
கைக்குக் கை, கையுறை இல்லாமல்,
நூல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் கேட்டுக்கொண்டே.
மதியச் சங்கு ஊதியது. எல்லோரும் போனார்கள்.
மறுபடி மடித்து, நுனியை மேலே வைத்து
மூடினேன்.

அப்புறம்தான் பேனாவைத் தேடினேன்.