நான்காவது

லியேஜில், ஆற்றை ஒட்டிய பட்டறையில்
துப்பாக்கிக் குழல் கடைந்துகொண்டிருந்த இயந்திரத்தில்
அந்தக் குளிர்காலம் பிஸ்டன் கடைந்தேன்.
வண்டிக்கு நான்கு.
நான்கும் அச்சு அசலாக ஒன்றே போல்
இருக்க வேண்டும், லாம்பெர்த்தீன், என்றார்
பொறியாளர் செர்வே.
காகிதத்தில் அவை
ஒரே கவராயம் சுழன்ற ஒரே வட்டம்.

ஒற்றைச் சிலிண்டர் வண்டி என்பது
ஓர் அடி, நெடிய ஒரு மௌனம், மறுபடி ஓர் அடி.
கல் பாவிய தெருவில் அதை ஓட்டி வந்தவனுக்கு
சூப் ஆறிய பிறகும் கரண்டி நடுங்கும்.
செர்வேயின் கணக்கு எளிது:
இருவர் எழும்போது இருவர் அமர்ந்தால்
மேலே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

தெரியவில்லைதான்.
பெட்ரோல் தொட்டியின் மேல் பீர்க் குவளையை வைத்து
இயக்கிக் காட்டினார் முதலாளிக்கு.
நுரை மட்டும் சற்றே சிலிர்த்தது.
முதலாளி குவளையை எடுத்துக் குடித்தார்,
தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.
அதுதான் ஒப்புதல் என்று
சனிக்கிழமை கூலியில் தெரிந்தது.

மழைக்கு வழுக்கும் தோல்பட்டை இல்லை;
பின்சக்கரம் வரை எஃகுத் தண்டு.
பெட்ரோல் மூச்சை உள்ளே விடும் வால்வைத்
தூக்கிவிட யாரும் இல்லை.
பிஸ்டன் இறங்கும் உறிஞ்சலில்
தானே வாய் திறந்துகொள்ளும்.
ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று:
எண்ணத் தெரியாதவன் எண்ணியது போல் தீ பிடிக்கும்.
அப்படி எண்ணினால்தான்
அரைச் சுற்றுக்கு ஒரு தீ, தவறாமல்.

தூசேன், சோதனை ஓட்டுபவன்,
ஸ்பாவுக்குப் போகும் மேட்டிலிருந்து
ஒரே வாரத்தில் மூன்று முறை
வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினான்.
மூன்று முறையும் இறுகிப்போனது
நான்காவது.

செர்வே எண்ணெயைச் சொன்னார்.
எண்ணெய் விற்றவன் வார்ப்பைச் சொன்னான்.
வார்ப்பாலையில் என்னைச் சொன்னார்கள்.
அளந்தார்கள்.
என் கடைசல் முடியளவும் பிசகவில்லை.

தூசேன் கையுறையைக் கழற்றி
சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தான்.
நான்காவதில் கையை உதறினான்.
பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பிடிபட்டது.
வரிசையாக உட்கார்ந்தால்
முன்னவனுக்கு முதல் பந்தி, குளிர்ந்த காற்று.
அடுத்தவனுக்கு வெதுவெதுப்பு.
கடைசிப் பந்திக்காரன் இலையில்
மற்ற மூவர் விட்ட வெப்பம்.

அவனை மட்டும் ஒல்லியாகக் கடைகிறேன் என்றேன்.
மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் நான்கு.
கொதிக்கையில் பருத்துக்கொள்ளக்
கொஞ்சம் இடம்.

காலைக் குளிரில் கடகடக்குமே என்றார் செர்வே.
கடகடக்கட்டும் என்றான்
பதினொரு கிலோமீட்டர் தள்ளியவன்.

ஜூனில் மேடேறிப் போனான். மலையிலிருந்து
ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, ஏறிப்போன வண்டியிலேயே
உட்கார்ந்து வந்தான்.
வரைபடத்தை யாரும் தொடவில்லை.
அதில் நான்கும் சமமாகவே நின்றன.
ஒவ்வொரு நான்காவதின் உட்புறத்திலும் நான்
ஆணியால் ஒரு புள்ளி தட்டினேன்.
அறிந்தவர் மூவர்.

அடுத்த ஆண்டு ரீகாவிலிருந்து ஒரு கடிதம்.
பல் மருத்துவர்; பிடுங்கியதைத்
திரும்ப நட்டுப் பழக்கமில்லாதவர்.
கரி சுரண்டக் கழற்றினாராம்.
எல்லாம் ஒரே அளவென்று
உங்கள் கையேடே சொல்கிறதே,
கைக்கு வந்த வரிசையில் மாட்டினேன்.
இப்போது கடைசி இறுகிவிட்டது,
இரண்டாவது கடகடக்கிறது.
அந்த இரண்டாவதைக் கழற்றினால்
உள்ளே ஒரு புள்ளி. என்ன அது?

செர்வே கடிதத்தை என் இயந்திரத்தின் மேல்,
இரும்புச் சீவல்களுக்கு நடுவே வைத்துவிட்டு
பேசாமல் போனார்.
சற்றுக் கழித்துத் திரும்பி வந்து
பட்டறையின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றையும் வைத்தார்.

ஐயா,
புள்ளி வைத்தது நான்.
புதிதாய் ஒன்று அனுப்புகிறோம், அது முன்னால் போகட்டும்.
புள்ளி உள்ளவனைக் கடைசியில் மாட்டுங்கள்.
காலையில் கொஞ்சம் சத்தம் போடுவான்.
இரண்டு தெரு தாண்டும் வரை
பொறுத்துக்கொள்ளுங்கள்.