கூண்டு ஏற்றுகிறவன்

கடலூர் துறைமுக அலுவலகத்தில் எனக்கு வேலை
கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றுவது.
வானிலைக்காரர்கள் எண் சொல்வார்கள்.
ஒன்று என்றால் ஒன்று, மூன்று என்றால் மூன்று.
இரவானால் சிவப்பும் வெள்ளையுமாய் விளக்கு.
புயலை நான் நிறுத்தியதில்லை.
பார்க்கிறவன் பார்த்துப் படகைக் கட்டிவிட்டால்
என் சம்பளம் செரிக்கும்.

லோகித்துக்கு மூன்றாம் மாதம்
இடது அக்குளில் நெல்லிக்காயளவு கட்டி.
பிறந்த மறுநாள் காசநோய்த் தடுப்பூசி போட்ட பக்கம்.
பழுத்தது, உடைந்தது, ஆறியது,
ஆறினதும் கழுத்தில் கிளம்பியது.
ஊசி போட்ட நர்ஸம்மாவை அஞ்சலாட்சி
முதுநகர் முழுக்கக் கேட்க ஏசினாள்.
அன்றைக்கு அதே புட்டியில் போட்டுக்கொண்ட
ஒன்பது பிள்ளைகள்
சோனங்குப்பத்து மணலில் கொழுகொழுவென்று தவழ்ந்தார்கள்.

ஏழு மாதம் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம்.
முள்ளோடை, கன்னியக்கோயில், அரியாங்குப்பம்.
கண்டக்டர் வருமுன்னே சில்லறையை எண்ணிவைக்கக்
கை பழகிய பிறகு ஒருநாள்
டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார்.
நாற்காலி போட்டால் நல்ல சேதியில்லை என்று
அந்த வராந்தாவில் எல்லோருக்கும் தெரியும்.

தாளில் எழுதினார்:
ஐ.எல். பன்னிரண்டு, ஆர்.பி. ஒன்று.
விசைப்படகின் பதிவு எண் போலிருந்தது.
மரபணுவாம்.
பத்தொன்பதாம் குரோமோசோமில் குடியிருக்கிறதாம்.
"கிருமியை விழுங்கின செல்
மற்ற செல்லுக்குத் தகவல் அனுப்பும்.
அதை வாங்க அந்தச் செல்லின் மேலே
ஏற்பி என்று ஒன்று இருக்கணும்.
இவனுக்கு அது முளைக்கவேயில்லை.
தகவல் போகுது. வாங்க ஆளில்லை."

கூண்டு ஏத்தியாச்சு,
கரையில் ஒருத்தனுக்கும் கண்ணில்லை,
அப்படியா அம்மா?

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
எங்கே வேலை பார்க்கிறீங்க என்றார்.

அஞ்சலாட்சி என் மாமன் மகள்.
முறை தவறாமல் கட்டினேன்.
எங்கோ ஒரு முன்னோனிடம் விழுந்த எழுத்துப்பிழை
அவள் வழியில் ஒரு பிரதி, என் வழியில் ஒரு பிரதியென
இரண்டு பக்கமும் சீர் சுமந்து வந்து
என் பிள்ளையிடம் சேர்ந்திருக்கிறது.
வள்ளமில்லை, வலையில்லை, மனைப்பட்டா இல்லை.
எங்கள் வீட்டில் பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து
இது ஒன்றுதான் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
மறுநாள் நர்ஸம்மா வீட்டுக்கு
ஒரு கிலோ சங்கரா கொடுத்தனுப்பினாள்,
யார் கொடுத்தது என்று சொல்லாமல்.

தனுஸ்ரீயிடமும் ரத்தம் எடுத்தார்கள்.
பதினொரு வயது. ஜலதோஷம் தவிர
ஆஸ்பத்திரி வாசல் அறியாதவள்.
தோளில் தடுப்பூசித் தழும்பு
பாசிப்பயறு போல அடக்கமாய்.
அவளுக்கும் இரண்டு பிரதியும் பிழை.
அவளுக்கும் முளைக்கவில்லை.

அப்புறம் ஏன் இவளுக்கு ஒண்ணும்…

"தெரியலை" என்றார் டாக்டரம்மா.
ஏழு மாதத்தில் அவர் சொன்னதில்
கேள்வியே கேட்காமல் நான் நம்பியது
அந்த ஒரு சொல்லைத்தான்.

இப்போது மாத்திரைகளோடு வாரம் மூன்று ஊசி, தோலுக்கடியில்.
இன்டர்ஃபெரான் காமா.
தகவல் கேட்டிருந்தால் அவன் உடம்பே
காய்ச்சி இறக்கியிருக்கும் சரக்கு.
முதல் தடவை மீன் ஐஸில் புதைத்துக் கொண்டுவந்தேன்.
உறைந்து வீணானது.
"வஞ்சிரமா வாங்கிட்டுப் போனீங்க?"
மருந்தகத்துப் பையன் கேட்டதில் தப்பில்லை.
இப்போது துணி சுற்றி, ஐஸ் படாமல்
மடியில் வைத்து வருகிறேன்.
ஜன்னலோர இருக்கையை யாருக்கும் கொடுப்பதில்லை.
அக்குள் வற்றிவிட்டது. கழுத்தில் இன்னும் ஒன்று
புளியங்கொட்டை அளவில்.

நேற்றிரவு மூன்றாம் எண் சொன்னார்கள்.
ஏற்றினேன். கயிறு நனைந்து கனத்தது.
சிங்காரத்தோப்புப் பக்கம் டார்ச் வெளிச்சங்கள்
கரைக்கு ஓடி வந்தன,
ஒன்று, நாலு, அப்புறம் எண்ணவில்லை.

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு.
ஊசி போட்டுக்கொண்ட அசதியில் லோகித்.
அஞ்சலாட்சி விளக்குப் போடாமல் உட்கார்ந்து
தூங்குகிற மகளின் அக்குளில்
இரண்டு விரல் வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"கூசுதும்மா" என்று
புரண்டு படுக்கிறது பிள்ளை.