முப்பத்தெட்டாம் கலவை

முப்பத்தேழாவதும் வெளுத்துவிட்டது.
வெர்னா ஹோஸ்டெட்லர் நோட்டில் எழுதுகிறாள்:
"ஆறாம் வாரம், கடைவிளக்கின் கீழ்.
நிறம், நனைந்த அட்டைப்பெட்டி."

பென்சில்வேனியாவில் பிப்ரவரி.
ஆலையின் புகைபோக்கியைச் சுற்றி மட்டும்
பனி தங்குவதில்லை.
கீழ்த்தளத்தில் சோளமாவு
சூடான துளை வழியே பிதுங்கி
வெடித்து, வளைந்து, உப்பி விழுகிறது.
அதுவரை வெள்ளைதான்.
ஆரஞ்சு வருவது அதன் பிறகு
உருளைக்குள்,
சீஸ் தூளோடு, எண்ணெயோடு,
ஆறாம் எண் மஞ்சளோடு.

அந்த ஆறாம் எண்ணைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள்.
கடிதங்கள் வந்திருக்கின்றன.
ஒரு தாய் கேட்டிருக்கிறாள்:
வாயில் நுழையாத பெயரையெல்லாம்
என் மகன் வாய்க்குள் ஏன் போடுகிறீர்கள்?
நியாயம்தானே.
வெர்னா அதைக் குளிர்பெட்டிக் கதவில்
வாழைப்பழக் காந்தத்தின் கீழ் ஒட்டிவைத்திருக்கிறாள்.

ஆகவே ஸ்பெயினிலிருந்து பாப்ரிகா சாறு வந்தது.
பெருவிலிருந்து அன்னாட்டோ விதை,
எங்கிருந்தோ கேரட், பூசணி.
கேரட் தித்தித்தது.
பூசணி இரண்டே நாளில் சோர்ந்து படுத்தது.
மஞ்சள்தூள்
தன் ஊரைவிட்டு வர மறுத்தது.
எண்ணெய் சிக்கடிக்காமலிருக்க
ரசாயனத்துக்குப் பதில் ரோஸ்மேரி.
அதனால் சீஸ் பஃபில் லேசாக
ஈஸ்டர் ஆட்டுக்கறி வாசம்.

வியாழக்கிழமை ருசிக்குழு.
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு தடுப்பறை.
நிறம் தெரியக்கூடாதென்று சிவப்பு விளக்கு.
பழையதும் புதியதும் ஒரே தட்டில்
ஒரே ரத்தச்சிவப்பாய்க் கிடக்கின்றன.
நொறுங்கும் சத்தம்.
தண்ணீர்.
மறுபடி நொறுங்கும் சத்தம்.
பதினோரு பேருக்கு வித்தியாசமே தெரியவில்லை.

வெர்னா மூச்சு விட்டாள்.
அவசரப்பட்டு யாரோ
வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

"இதில் உப்பே இல்லையே."
"சீஸைக் குறைத்துவிட்டீர்களா?"
"உடம்புக்கு நல்லது மாதிரி இருக்கிறது" என்று
தட்டைத் தள்ளினாள் லொரெய்ன் ஸ்வைகார்ட்.
நாக்கு எப்போதும்
கண்ணைக் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறது.

பன்னிரண்டாவது ஆள் டுவேன் கெம்ஃபர்.
இருபத்திரண்டு வருடமாக உருளை ஓட்டுபவன்.
கல்யாண மோதிரத்தைக் கழற்றினால்
அதன் அடியில் மட்டும்
அவனுக்குத் தோல் நிறத்தில் தோல்.
அவன் சிவப்பு வெளிச்சத்திலேயே கண்டுபிடித்திருந்தான்.
எப்படி என்றார்கள்.
விரல்களைத் தூக்கிக் காட்டினான்.
"ஒட்டவில்லை," என்றான்.
"நக்குவதற்கு ஒன்றுமில்லை."

நான் இதை எழுதும் மொழியில்
இயற்கைக்குள்ளும் ஒரு கை இருக்கிறது,
செயற்கைக்குள்ளும் ஒரு கை இருக்கிறது.
வெர்னாவின் மொழியில் இல்லை.
இருந்தும் அன்றிரவு நோட்டில் அவள் எழுதியது
கையைப் பற்றித்தான்:
"முப்பத்தெட்டு.
தூள் இன்னும் மெலிதாக. எண்ணெய் ஒரு துளி கூட.
நிறம் போனால் போகட்டும்,
விரலை விடக்கூடாது."

ஏப்ரலில் அது கடைக்குப் போனது.
பத்தொன்பது பெயர்கள் ஒன்பதாயின.
இடம் மிஞ்சியதால் எழுத்தைப் பெரிதாக்கினார்கள்.
ஒன்பது மாத ஆயுள் நான்கானது.
பாக்கெட்டின் மூலையில்
எந்தச் செடியிலும் முளைக்காத ஒரு பச்சை இலை.

ஜன்னல் விளிம்பில் வெர்னா
இரண்டு கிண்ணங்கள் வைத்திருக்கிறாள்.
ஒன்றில் இருப்பது
அவள் வேலைக்குச் சேர்ந்த வருடத்துச் சரக்கு.
பதினோரு கோடை பார்த்தும் கண் கூசும் ஆரஞ்சு.
மற்றதில் போன மாதத்தது.
சாயத் தொடங்கிவிட்டது,
வெயில் பட்ட பக்கத்திலிருந்து.

டுவேனுக்கு இப்போதெல்லாம்
ஒரே சோப்பில் கை வெளுத்துவிடுகிறது.
மே கடைசியில் மோதிரத்தைக் கழற்றிப் பார்த்தான்.
எது அடி, எது மேல் என்று தெரியவில்லை.
அதைப் போட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் குழாயடியில் நின்றான்.

ஜூனில் அந்தத் தாயிடமிருந்து இன்னொரு கடிதம்.
அதே சாய்ந்த கையெழுத்து:
"நன்றி. எல்லாப் பெயரையும் சத்தமாக வாசித்தேன்.
மகன் தொடமாட்டேன் என்கிறான்.
நான்தான் தின்கிறேன்,
ராத்திரியில், காரை நிறுத்திவிட்டு,
உள்ளே போகுமுன்."