மனை எண் 43

தொம்மசந்திரா தாண்டி
இடப்பக்க மண்பாதையில் திரும்பினால்
போனில் வழிசொல்லும் பெண் வாயை மூடிக்கொள்ளும் இடத்தில்
முப்பதுக்கு நாற்பது, கிழக்கு பார்த்தது,
என்னுடையது.
இருபது வருடம் வங்கியினுடையது,
அப்புறம் என்னுடையது.

மார்கழி ஞாயிறு. பனி விலகி வெயில் ஏறிவிட்டது.
அளந்து கல் நட்டு
மஞ்சள் பெயிண்டில் எண் போட்டிருந்தார்கள்.
நாற்பத்தொன்றில் சேலை காய்கிறது.
நாற்பத்திரண்டைக் காணோம்.
என் கல்லில் ஒரு கன்று.
கயிறு உரசி உரசி நான்கு அழிந்து
மூன்று மட்டும் மிச்சம்.
சுற்றிலும் அவரை.
காயைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும் அந்த வாசம்
பத்திரத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

விளம்பரத்தில் சொன்ன நாற்பதடித் தார்ச்சாலை மட்டும்
உண்மையிலேயே இருந்தது.
அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு
அறுத்த ராகித் தாள்.

பிரேக் போட்டேன்.
முறத்தோடு ஒருத்தி ஓடிவந்தாள்.
திட்டத்தான் வருகிறாள் என்று கண்ணாடியை இறக்கினேன்.
"ஏன் நின்னே? ஏத்து மேலே."

ஏற்றினேன்.
சக்கரத்தடியில் நெறுநெறுவென்று
ஆயிரம் சின்னப் பல் கடிபடும் சத்தம்.
"இன்னொரு தரம்."
பின்னால் வந்தேன்.
"ஓரத்துல படலை. ஒடிச்சு வா."
ஒன்பது முறை.
இத்தனை கவனமாக
லைசென்ஸ் வாங்கிய அன்றுகூட ஓட்டவில்லை.
மனைவி முதலில் படம் எடுத்தாள்.
பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு
தாளைக் காலால் தள்ளிக் கொடுத்தாள்.

பெயர் பில்லக்கா.
நிலத்தை விற்றது கொழுந்தன்.
அந்தப் பணத்தில் புல்லட் வாங்கி
இதே சாலையில் விழுந்து
இடுப்பொடிந்து கிடக்கிறான்.
"நல்ல ரோடு" என்றாள்,
எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

தூற்றினாள்.
உமி என் கார் மேல் போய்
செந்நிறமாய் உட்கார்ந்தது.
"வீடு எப்பக் கட்டுவே?"
"லோன் முடியட்டும்."
"எத்தினி வருசம்?"
சொன்னேன்.
முறம் ஒரு நொடி நின்றது.
பிறகு அவரைக்கு அப்பால் திரும்பி
"கெம்பா, வெதைக்கு ரெண்டு படி
தனியா எடுத்து வையி!"
என்று கத்தினாள்.

புதன்கிழமை சர்வீஸ் சென்டரில் பில் தந்தார்கள்.
ஆயில், ஃபில்டர்,
அடிப்பாகத்தில் வைக்கோல் நீக்கியது முந்நூற்றைம்பது.
"எந்த ஊருக்குப் போனீங்க சார்?"
பெங்களூருக்குள்ளதான் என்றேன்.
பையன் நம்பவில்லை.
டிக்கியைத் திறந்து காட்டினேன்,
ஒரு சாக்கு அவரைக்காய்.
கை நிறைய அள்ளி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.