கசெரெக்காவின் பாதி

நோய் என்னைத் தின்று துப்பிய பிறகு
புட்டெம்போவில் எனக்கொரு வேலை கிடைத்தது:
பிள்ளைகளைத் தூக்குவது.
எபோலா வந்து பிழைத்தவளை அது மறுபடி தொடாதாம்.
மற்றவர்கள் பிளாஸ்டிக் உடைக்குள்ளிருந்து கையசைக்க
நான் மட்டும் வெறுங்கையோடு.

இவன் வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு.
மோட்டார் சைக்கிளின் பின்னால் நினைவில்லாமல் வந்த அம்மா
பெயர் சொல்லாமலே போனாள்.
படிவத்தில் எழுதினோம்:
ஆண், இரண்டரை வயது இருக்கலாம்.
இருபத்தொரு நாள் காய்ச்சல் பார்க்க வேண்டும்.

வாழைப்பழம் கொடுத்தால் பாதிதான் தின்பான்.
மீதியைத் தலைமாட்டில் வைத்து
"கசெரெக்கா" என்பான்.
விடிந்தால் கறுத்திருக்கும். விரிப்பைத் துவைப்பேன்.

பத்தொன்பதாம் நாள் ஒருவர் வந்தார்.
குளோரின் தண்ணீரில் கை கழுவினார்.
நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினார்கள்:
முப்பத்தாறு புள்ளி நான்கு. உள்ளே போகலாம்.
துடைத்த ஷூ. கையில் பிஸ்கட் பொட்டலம்.
"நான் இவன் சித்தப்பா. இவன் பெயர் பலூக்கு.
எங்கள் அண்ணனின் தலைச்சன் பிள்ளை."

எங்களிடம் பெயர் என்பது பிறந்த வரிசை.
முதல் மகன் பலூக்கு, அடுத்தவன் கம்பாலே,
மூன்றாமவன்தான் கசெரெக்கா.
இரண்டரை வயதுத் தலைச்சனுக்குப் பின்னால்
எப்போது பிறந்தான் அந்த மூன்றாமவன்?

"பக்கத்து வீட்டுப் பையனாக இருக்கும், கவீரா.
கட்டில் போதவில்லை, கையெழுத்தைப் போடு"
என்றார் மேற்பார்வையாளர்.
இருக்கலாம்.
பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடினேன்.
"ஒரு போட்டோ கொண்டு வாருங்கள். இல்லையா, தடுப்பூசி அட்டை."
அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
நாளைக்கு என்றார்.
பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

நாளையும் போயிற்று, மறுநாளும்.
இருபத்தொன்று முடிந்து, பையனுக்கு நோயில்லை என்று
எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

சில இரவுகளில் புரண்டு படுப்பேன்:
அவர் நிஜமாகவே சித்தப்பாவாக இருந்து,
அட்டையைத் தேடிப் போன வழியில்
சாலையை மறித்திருந்தால்? காய்ச்சல் கண்டிருந்தால்?
காய்ச்சலுக்குக் கருவி இருக்கிறது.
மனிதருக்கு என் கண்ணைத்தான் நீட்டினேன்.

மோட்டார் சைக்கிள்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்:
ஐந்து வயதோ ஆறோ, தனியாக நிற்கும் பையன்,
கசெரெக்கா என்றால் திரும்பிப் பார்ப்பான்.
நேற்று ஒருவன் சிரித்தான்:
"அக்கா, இந்த ஊரில் அப்படிக் கூப்பிட்டால்
தெருவே திரும்பும்."

திரும்பட்டுமே.

இன்றைக்குப் பழம் வரவில்லை, மரவள்ளிக்கிழங்கு.
அதையும் பாதியாகப் பிட்டு வைத்திருக்கிறான்.